பாப் கட் உங்களுக்கு செட் ஆகுமா? முகத்தை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க

சனிக்கிழமை மதியம். பார்லர் நாற்காலியில் உட்கார்ந்தாச்சு, கழுத்தைச் சுற்றித் துணியும் கட்டியாச்சு. மூன்று வாரமாக ஃபோனில் சேவ் பண்ணி வைத்திருந்த ஃபோட்டோவை எடுத்து, "இதே மாதிரி வேணும்" என்கிறீர்கள். ஸ்டைலிஸ்ட் தலையாட்டுகிறார். அரை மணி நேரத்தில் பல வருஷத்து முடி தரையில் கிடக்கிறது. கண்ணாடியில் தெரிவது மட்டும் அந்த ஃபோட்டோ இல்லை.

இது எனக்கே நடந்தது. ஃபோட்டோவில் இருந்தவருக்கு நேரான, மெல்லிய முடி. எனக்கு அலையலையான, அடர்த்தியான முடி. ஈரமாக இருக்கும்போது தாடைக்குக் கீழே நின்ற முடி, காய்ந்ததும் காது மடல் வரைக்கும் ஏறிவிட்டது. அடுத்த சில மாதம் ஆபீஸ் வீடியோ காலில் கேமராவை ஆஃப் பண்ணியே ஓட்டினேன்.

தலைமுடி மாதத்துக்கு சராசரியாக 1.25 சென்டிமீட்டர்தான் வளரும். வருஷத்துக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். சட்டை பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம், இதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. அதனால் 'உங்கள் முகம் வட்டமா, சதுரமா' என்று கேட்கும் சார்ட்டைப் பார்த்துவிட்டு நேராகப் பார்லருக்குக் கிளம்பாதீங்க. அந்த சார்ட் பாதிதான் சொல்கிறது. மீதிப் பாதி, உங்கள் முடி காய்ந்த பிறகு எங்கே போய் நிற்கும் என்பதில் இருக்கிறது.

பாப் கட் என்றால் என்ன?

முடியின் கீழ் விளிம்பு காது மடலுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு தெளிவான கோடாகத் தெரியும்படி வெட்டுவதுதான் பாப். அந்தக் கோடு தாடையோரம் நின்றால் வழக்கமான பாப். தோளைத் தொடுவதற்குக் கொஞ்சம் மேலே நின்றால் 'லாப்', அதாவது நீளமான பாப். கன்னத்தோடு நின்று நெற்றியிலும் முடி விழுந்தால் அதை ஃபிரெஞ்சு பாப் என்கிறார்கள். பின்னால் குட்டையாகவும் முன்னால் வர வர நீளமாகவும் போனால் ஏ-லைன். ஓரம் ஒரே நேராக, வெட்டின காகிதம் மாதிரி இருந்தால் பிளண்ட் பாப். பெயர்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. எல்லாமே இந்தக் கோட்டை ஏற்றி, இறக்கி, சாய்த்து விளையாடுவதுதான்.

1920-களில் மேற்கத்திய நாடுகளில் இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக நீள முடியை வெட்டியபோது அது பெரிய கலாட்டாவானது. இன்று நாம் பார்க்கும் பாப்புக்கு அடித்தளம் போட்டவர் லண்டன் ஸ்டைலிஸ்ட் விடால் சசூன். 1963-ல் நடிகை நான்சி குவானின் நீள முடியை அவர் வெட்டிய பாப் உலகம் முழுக்கப் பிரபலமானது. அவருடைய கொள்கை எளிமையானது. ஷேப் வெட்டிலேயே இருக்க வேண்டும். தலையைக் குளித்து உதறினால் முடி தானாக அந்த ஷேப்புக்கு வந்து உட்கார வேண்டும். தினமும் காலையில் முக்கால் மணி நேரம் மெஷினோடு போராடினால்தான் உட்காரும் என்றால், அது உங்கள் முடிக்குப் பொருந்தாத கட்.

முக அமைப்பைப் பார்த்து முடி வெட்டும் யோசனைக்கு நம் நாட்டிலேயே பிரபலமான உதாரணம் உண்டு. 1960-ல் வந்த 'லவ் இன் சிம்லா' இந்திப் படத்தில் நடிகை சாதனாவின் அகலமான நெற்றியை மறைக்க இயக்குநர் ஆர்.கே.நய்யார் யோசித்ததுதான் அந்த முன்நெற்றி முடி. ஆட்ரி ஹெப்பர்ன் ஸ்டைலைப் பார்த்து வந்தது. கடைசியில் 'சாதனா கட்' என்றே பெயராகி, ஊர் ஊராகப் பெண்கள் கேட்டு வெட்டிக்கொண்டார்கள்.

நம்மில் நிறைய பேருக்கு 'பாப் கட்டிங்' என்றதும் நினைவுக்கு வருவது பேன் தொல்லைக்காக அம்மா ஒட்ட வெட்டிவிட்ட ஸ்கூல் நாட்கள்தான். இல்லையென்றால் மன்னார்குடி ராஜகோபாலசுவாமி கோயில் யானை செங்கமலம். 2020-ல் அதன் பாப் கட் ஃபோட்டோ இந்தியா முழுக்க வைரலானது. முகத்துக்குப் பொருந்தியது என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

முதலில் முடியைப் பாருங்க, அப்புறம் முகம்

முடி நனைந்தால் ஏன் நீளமாகிறது? முடியில் இருக்கும் கெரட்டின் புரத இழைகளை ஹைட்ரஜன் பிணைப்புகள் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. தண்ணீர் பட்டதும் அவை தற்காலிகமாக விடுபடுகின்றன. முடி இளகுகிறது, தன் எடையிலேயே கீழே இழுபடுகிறது. காய்ந்ததும் பிணைப்புகள் மறுபடி உருவாகி, முடி தன் பழைய வளைவுக்குத் திரும்புகிறது. நேரான முடி உள்ளவர்களுக்கு இதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அலை முடிக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஏறும். இறுக்கமான சுருட்டை என்றால் பாதி நீளம்கூட சுருங்கலாம். இடுப்பு வரை முடி இருக்கும்போது இது யாருக்கும் தெரியாது. தாடையோரம் வெட்டும்போது அந்த இரண்டு சென்டிமீட்டர்தான் எல்லாமே.

வீட்டிலேயே ஒரு டெஸ்ட் பண்ணலாம். தலைக்குக் குளித்துவிட்டு எதுவும் தடவாமல், ட்ரையர் போடாமல் காய விடுங்க. காதோரம் ஒரு கொத்து முடியைப் பிடித்து நேராகக் கீழே இழுத்து, நுனி எங்கே வருகிறது என்று பாருங்க. அப்படியே விடுங்க. நுனி எவ்வளவு மேலே ஏறுகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு நீளத்தைக் கூடுதலாக விட்டுத்தான் வெட்டச் சொல்ல வேண்டும். நீள முடியின் எடை போனதும் சுருள் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும், அதையும் கணக்கில் வையுங்க. அலையோ சுருட்டையோ இருந்தால், முடி காய்ந்த நிலையிலேயே வெட்டித் தருவார்களா என்று புக் பண்ணும்போதே கேட்டுவிடுங்க. எனக்கு இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

அடர்த்தியும் முக்கியம். அடர்த்தியான அலை முடியை ஒரே நேராக பிளண்ட் பாப் வெட்டினால், கீழே விரிந்து மேலே ஒட்டிக்கொண்டு முக்கோணமாகிவிடும். இதற்கு உள்பக்கத்து முடியை மட்டும் கொஞ்சம் குறைத்து எடையைக் குறைக்கலாம், அல்லது நீளமான லேயர்கள் வைக்கலாம். மெல்லிய முடிக்கு நேர்மாறாக யோசிக்கணும். அங்கே லேயர் போட்டால் நுனி எலிவால் மாதிரி ஆகிவிடும். பிளண்ட் கோடு போட்டால் எல்லா முடியும் ஒரே இடத்தில் முடிவதால் அடர்த்தியாகத் தெரியும். முடி கொட்டி மெலிந்துபோனவர்களுக்கு பாப் கட் உண்மையிலேயே உதவுவது இதனால்தான். ஆனால் வெட்டினால் முடி தடிமனாக வளரும் என்று சொல்வதை நம்பாதீங்க. முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில், நுனியில் கத்தரி பட்டது வேருக்குத் தெரியாது. திடீரென்று கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பார்லருக்குப் போகும் முன் தோல் மருத்துவரைப் பாருங்க. தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, பிரசவத்துக்குப் பிந்தைய முடி உதிர்வு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

சுழியையும் பார்த்துக்கொள்ளுங்க. முன்நெற்றியில் சுழி இருந்தால் வெட்டிவிட்ட ஃபிரிஞ்ச் நடுவில் பிளந்துகொண்டு நிற்கும். பிடரியில் சுழி இருந்தால் ரொம்பக் குட்டையான பாப் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். பழக்கமான ஸ்டைலிஸ்ட் முடியைத் தூக்கிப் பார்த்தே இதைச் சொல்லிவிடுவார்.

கோடு எங்கே நிற்கிறதோ, அங்கேதான் கண்ணும் நிற்கும்

இப்போது முகம். எல்லா சார்ட்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே விஷயம்தான். முடியின் விளிம்பு எங்கே நிற்கிறதோ, பார்ப்பவர் கண் அங்கே போய் நிற்கும். அந்த இடம் அகலமாகத் தெரியும், அழுத்தமாகவும் தெரியும்.

வட்ட முகத்தில் கன்னத்தின் அகலமான இடத்திலேயே பாப் நின்றால் முகம் இன்னும் வட்டமாகத் தெரியும். தாடைக்குக் கீழே மூன்று நான்கு விரல் இறக்கி, முன்பக்கம் கொஞ்சம் நீளமாக விட்டு, வகிட்டைப் பக்கவாட்டில் எடுத்தால் முகம் நீண்டு தெரியும். தாடை எலும்பு எடுப்பான சதுர முகத்தில் கோடு அந்த எலும்பின் மூலையிலேயே முடியக் கூடாது. அதற்கு மேலேயோ கீழேயோ வரட்டும். விளிம்பு கூர்மையாக இல்லாமல் கொஞ்சம் கலைந்தாற்போல இருந்தால் நல்லது. நீள முகம் என்றால் தாடையளவு பாப் அருமையாக நிற்கும், பக்கங்களில் கொஞ்சம் உப்பி, நெற்றியில் ஃபிரிஞ்சும் இருந்தால் இன்னும் நன்றாக இருக்கும். அவர்களுக்கு நேர் வகிடும் தட்டையான லாப்பும் சேர்ந்தால்தான் முகம் இழுத்தாற்போல ஆகிவிடும். நெற்றி அகன்று முகவாய் குறுகியவர்களுக்கு தாடையருகே முடி சேர்வது முகத்தைச் சமன்படுத்தும். முட்டை வடிவ முகத்துக்கு எதுவும் பொருந்தும் என்பார்கள். அப்படிச் சரியான முட்டை வடிவ முகத்தை நான் சினிமா போஸ்டரில்தான் பார்த்திருக்கிறேன். நம்மில் பெரும்பாலானோர் இரண்டு மூன்று வடிவத்தின் கலவை.

இன்னொன்றையும் சொல்லணும். இந்த சார்ட்டுகள் எல்லாமே, எந்த முகமாக இருந்தாலும் அதை முட்டை வடிவத்துக்குக் கொண்டுவரணும் என்ற முடிவோடு எழுதப்பட்டவை. உங்களுக்கு உங்கள் குண்டுக் கன்னம் பிடிக்கும் என்றால் எதற்கு மறைக்கணும்? கன்னத்தோடு நிற்கும் ஃபிரெஞ்சு பாப் வைத்துக்கொண்டு அதை இன்னும் எடுத்துக்காட்டுங்க. 'மறைக்கணுமா, காட்டணுமா' என்று நீங்கள் முதலில் முடிவு பண்ணிக்கொண்டால் எந்த இடத்தில் வெட்டணும் என்பது தானாக வரும்.

பென்சில் டெஸ்ட் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். பிரிட்டிஷ் ஸ்டைலிஸ்ட் ஜான் ஃப்ரீடாவின் பெயரில் சுற்றும் ஒரு கணக்கு இது. முகவாய்க்கு அடியில் ஒரு பென்சிலைக் கிடையாகப் பிடிக்கணும். காது மடலுக்குக் கீழே ஒரு ஸ்கேலை நேராக நிறுத்தணும். இரண்டும் சந்திக்கும் இடம் காது மடலிலிருந்து 2.25 அங்குலத்துக்குள், அதாவது சுமார் 5.7 சென்டிமீட்டருக்குள் இருந்தால் குட்டை முடி பொருந்தும், தாண்டினால் நீள முடி எடுப்பாக இருக்கும் என்பது கணக்கு. செய்து பாருங்க, ஜாலியாக இருக்கும். ஆனால் இது தாடையின் ஆழத்தை மட்டும்தான் அளக்கிறது. உங்கள் முடி சுருட்டையா, கழுத்து நீளமா என்பதெல்லாம் அந்த ஸ்கேலுக்குத் தெரியாது. மூன்று அங்குலம் வந்தது என்பதற்காக ஆசையைக் கைவிட வேண்டாம்.

அதைவிடப் பயனுள்ள வழி ஒன்று உண்டு. முடியை உள்பக்கமாக மடித்து ஹேர்பின் குத்தி, நினைத்த உயரத்தில் நிற்கிற மாதிரி செய்யுங்க. நேராக ஒரு ஃபோட்டோ, பக்கவாட்டில் ஒரு ஃபோட்டோ, பின்னாலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளுங்க. செல்ஃபி வேண்டாம். கேமரா ரொம்பக் கிட்டே இருந்தால் முகத்தின் நடுப்பகுதி பெரிதாகத் தெரிந்து அளவு மாறிவிடும். யாரையாவது இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்க. உயரத்தை இரண்டு விரல் ஏற்றி, இறக்கி மறுபடி எடுங்க. எது நன்றாக இருக்கிறது என்பது ஃபோட்டோக்களை வரிசையாகப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பக்கவாட்டு ஃபோட்டோவில் கழுத்தைக் கவனியுங்க. கழுத்து குட்டையாக இருந்தால் பிடரிப் பக்கம் கொஞ்சம் ஏற்றி வெட்டும் ஏ-லைன் கழுத்தை நீளமாகக் காட்டும். முடி சரியாகத் தோளில் இடிக்கும் நீளம் யாருக்குமே தொல்லைதான். தோளில் பட்டு நுனி வெளிப்பக்கமாக வளைந்துகொள்ளும். கண்ணாடி போடுபவர்கள் கனமான ஃபிரேமும் அடர்த்தியான ஃபிரிஞ்சும் சேர்ந்தால் முகத்தில் இடமே மிச்சமிருக்காது என்பதை நினைவில் வையுங்க.

காலையில் எத்தனை நிமிஷம் இருக்கிறது?

பாப் கட்டில் முடி குறைவு, அதனால் வேலையும் குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். குளிப்பதும் காய்வதும் சீக்கிரம் முடிந்துவிடும், உண்மைதான். ஆனால் ஒரு வசதி போய்விடுகிறது. முடி சரியில்லாத நாளில் எல்லாவற்றையும் வாரிக் கட்டி ஒரு கிளட்ச் மாட்டிக்கொண்டு ஆபீஸ் போவோமே, அது முடியாது. அந்த வசதி இல்லாமல் இருக்க முடியாது என்றால் லாப்போடு நிறுத்திக்கொள்ளுங்க. அதைச் சின்னதாகவாவது கட்டிக்கொள்ளலாம். தாடையளவு பாப்பை ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை ட்ரிம் பண்ணினால்தான் ஷேப் நிற்கும், அந்தச் செலவையும் கணக்கில் சேர்க்கணும். லாப் என்றால் மூன்று மாதம் வரை தாங்கும்.

நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். மும்பை ஜூலையில், சென்னையில் அநேகமாக எல்லா நாளும், காற்றின் ஈரம் முடிக்குள் போய் அந்த ஹைட்ரஜன் பிணைப்புகளைக் கலைத்துக்கொண்டே இருக்கும். காலை எட்டு மணிக்கு ஸ்ட்ரெய்ட்னரில் இழுத்த பாப், ரயிலை விட்டு இறங்கும்போது உப்பிப் போயிருக்கும். இந்த ஊர்களில் இருக்கும் அலை முடிக்காரர்கள் முடியின் இயல்பான வளைவுக்கே வெட்டிக்கொள்வது நல்லது. ஈரத்தலையில் லீவ்-இன் கண்டிஷனர் கொஞ்சம் தடவி, பழைய காட்டன் டி-ஷர்ட்டால் நுனியிலிருந்து மேல்நோக்கி அழுத்திப் பிழிந்துவிட்டு, காயும் வரை கை வைக்காமல் இருந்தால் போதும். டெல்லி, குருகிராம் குளிரில் காற்று வறண்டு முடி ஸ்வெட்டரில் ஒட்டிப் பறக்கும். உள்ளங்கையில் பட்டாணி அளவு சீரம் எடுத்து நுனியில் மட்டும் தடவுங்க. பெங்களூருவிலும் ஹைதராபாத்திலும் போர்வெல், டேங்கர் தண்ணீரில் குளிப்பவர்களுக்குக் கால்சியமும் மெக்னீசியமும் படிந்து முடி சொரசொரப்பாகும். பாப்பின் நேர்த்தியான விளிம்பில் அது உடனே தெரியும். அவ்வப்போது கிளாரிஃபையிங் ஷாம்பு போட்டு, கண்டிஷனரும் போட்டால் பரவாயில்லாமல் இருக்கும்.

ப்ளோ டிரை பண்ணுபவர்களுக்கு: சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது ஆரம்பிக்காதீங்க. முக்கால்வாசி காய்ந்த பிறகு, காற்று மேலிருந்து கீழே போகிற மாதிரி ட்ரையரைப் பிடித்து, ரவுண்ட் பிரஷ்ஷால் நுனியை உள்பக்கம் சுற்றுங்க. கடைசியில் குளிர் காற்று பட்டனை அழுத்துங்க. முடி எந்த வடிவத்தில் ஆறுகிறதோ அந்த வடிவம்தான் நிற்கும், சூட்டோடு பிரஷ்ஷை எடுத்துவிட்டால் பாதி வேலை வீண். ஸ்ட்ரெய்ட்னர் போட்டால் முடி முழுசாகக் காய்ந்திருக்கணும், ஹீட் புரொடெக்டன்ட் தடவணும், 180 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டாம்.

ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு ஹெல்மெட்தான் பெரிய பிரச்சினை. ஈரத்தலையில் மாட்டினால் ஹெல்மெட்டின் வடிவத்திலேயே முடி காய்ந்துவிடும். நன்றாகக் காய்ந்த பிறகு மெல்லிய சாட்டின் ஸ்கார்ஃப் கட்டி மாட்டுங்க. வண்டி ஓட்டும்போது வகிட்டை எதிர்ப்பக்கம் எடுத்துக்கொண்டு, ஆபீஸ் போனதும் பழைய பக்கம் திருப்பிவிட்டால் படிந்த முடி எழுந்து நிற்கும். ஃபிரிஞ்ச் வைத்தால் ஹெல்மெட்டுக்குள் நெற்றி வேர்வையில் ஒட்டிக்கொள்ளும். தினமும் ஒரு மணி நேரம் டிராஃபிக்கில் நிற்பவர்களுக்கு நான் ஃபிரிஞ்சைச் சொல்ல மாட்டேன்.

பார்லரில் என்ன சொல்வது?

வெளியூரில் வேலை பார்க்கும் நமக்கு இதுதான் சிக்கல். நம் அரைகுறை இந்தியில் 'தோடா ஷார்ட்' என்று சொன்னால் அது யாருக்கு எவ்வளவு என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வார்த்தையை விடுங்க, விரலைக் காட்டுங்க. 'காய்ந்த பிறகு நுனி இங்கே நிற்கணும்' என்று தாடையிலோ கழுத்திலோ விரல் வைத்துக் காட்டுங்க. ஃபோட்டோ இரண்டு கொண்டு போங்க. ஒன்று உங்களைப் போன்ற முடி உள்ளவரின் பாப், இன்னொன்று உங்களுக்குக் கண்டிப்பாக வேண்டாத பாப். இரண்டாவது ஃபோட்டோதான் அதிகம் வேலை செய்யும்.

முதல் தடவை என்றால் இரண்டு கட்டமாக வெட்டச் சொல்லுங்க. முதலில் நினைத்ததைவிட இரண்டு விரல் நீளமாக வெட்டி, காய வைத்து, பார்த்த பிறகு மீதி. எண்ணெய் வைத்துக்கொண்டோ முந்தின நாள் ஸ்ட்ரெய்ட்டன் பண்ணிக்கொண்டோ போகாதீங்க, முடியின் நிஜ குணம் அவருக்குத் தெரியாமல் போய்விடும். வெட்டும்போது குனிந்து ஃபோன் பார்த்தால் பின்பக்கக் கோடு கோணலாகும். முடிந்ததும் அவர்கள் ப்ளோ டிரை பண்ணிப் பளபளப்பாக்கித்தான் அனுப்புவார்கள். அதற்கு முன்னாடியே கை கண்ணாடியில் பின்பக்கமும் இரண்டு ஓரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்க.

நீள முடியை வெட்டுகிறீர்கள் என்றால், புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு விக் செய்ய தானமாகக் கொடுக்கலாம். பொதுவாக 12 அங்குலமாவது கேட்பார்கள். காய்ந்த முடியை ரப்பர் பேண்டால் கட்டி, கட்டுக்கு மேலே வெட்டணும். தரையில் விழுந்து கலைந்த முடி பயன்படாது. கொடுக்கப்போகும் அமைப்பிடம் விதிகளை முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்க.

கல்யாண சீசன் வருதே?

வீட்டில் முதலில் வரும் கேள்வி இதுதான். 'பூ எப்படி வைப்பே?' பாப்பில் பூ வைக்கலாம். மேல் பாதி முடியை மட்டும் பின்னால் எடுத்து கிளிப் போட்டு, அதன் மேல் ஒரு சின்னச் சரம் மல்லிகை வைத்தால் பட்டுப் புடவைக்கு அழகாகவே இருக்கும், ஜிமிக்கியும் நன்றாகத் தெரியும். சவுரி வைத்து நீளப் பின்னல் போடுவதற்குத்தான் கட்டுகிற அளவு சொந்த முடி வேண்டும். உங்களுக்கே கல்யாணம் என்றால் கணக்குப் போடுங்க. ஆறு மாதத்தில் வளர்வது ஏழு, எட்டு சென்டிமீட்டர்தான். அதற்குள் கல்யாணம் என்றால் தாடையளவு பாப்பைத் தள்ளிப்போடுங்க, லாப் போதும்.

திரும்ப வளர்க்க ஆசை வந்தால், நடுவில் மூன்று நான்கு மாதம் கொஞ்சம் கஷ்டமான காலம். பின்பக்கத்து முடி முதலில் தோளைத் தொட்டு வெளியே வளையும், முன்பக்கம் இன்னும் தாடையிலேயே நிற்கும். பொறுமை போய் எல்லாவற்றையும் மறுபடி வெட்டுவது அப்போதுதான். அந்த நேரத்தில் முன்பக்கத்தைத் தொடாமல், பிடரிப் பக்கம் மட்டும் கொஞ்சம் ட்ரிம் பண்ணிக்கொண்டே வந்தால் முன்பக்கம் வளர்ந்து எட்டிப் பிடித்துவிடும். என் முடி அப்படித்தான் லாப் வரைக்கும் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.